அடிப்பக்கம் மட்டும் ஈரம்

அந்தக் கூரை ஒழுகியது என்று எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்திருப்பேன். என் இரண்டு கண்ணால் பார்த்தேன், அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உச்சந்தலையில் சொட்டியது, கழுத்துக்குள் இறங்கியது, கையில் இருந்த துணி நனைந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சாட்சி சொன்னவளும் நான்தான், தீர்ப்பு சொன்னவளும் நான்தான்.

நான் தையல்காரி. எட்டடி அகலச் சந்து, என் வீட்டு முன்னறைதான் கடை. எதிரே லாண்டரி. லாண்டரி என்றால் சட்டை தேய்த்துக் கொடுக்கும் கடை இல்லை. இரண்டு விடுதிக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் படுக்கை விரிப்பு துவைக்கிற இடம். ஒரே நீள அறை. ஒரு கோடியில் செங்கல் அடுப்பு, அதன் மேல் இரண்டு அண்டா, புகை வெளியே போக இரும்புக் குழாய். அங்கிருந்து மறு கோடி வரை எட்டுக் கொடி. லாண்டரிக்காரர் வண்டியில் அழுக்கு விரிப்பை ஏற்றி வருவார், காய்ந்ததைத் தேய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். நடுவில் இருக்கிற அத்தனையும் அவர் மனைவி. சோடா போட்டுக் கொதிக்க வைப்பது, அடிப்பது, அலசுவது, முறுக்கிப் பிழிவது, கொடியில் போடுவது. அவள் கை எப்போது பார்த்தாலும் வெந்த கிழங்கு மாதிரி வெளுத்துச் சுருங்கி இருக்கும். நாளைக்கு நாற்பது விரிப்பு. ஆஸ்பத்திரி விரிப்பு மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளிப் போகக் கூடாது.

கிழிந்த விரிப்பைப் பொறுக்கிக் கொண்டுவந்து ஓரம் அடித்துக் கொடுப்பது என் வேலை. தினமும் காலையில் போவேன். குளிர் காலத்தில் அது எனக்கு ஒரு தண்டனை. சந்தில் பல்லைக் கிட்டிக்கொண்டு ஓடிவந்து உள்ளே ஒரு கால் வைத்ததும் கண்ணாடி வெள்ளையாகிவிடும். எதுவும் தெரியாது. கையை நீட்டித் தடவிக்கொண்டு நிற்பேன்.

"டெய்லரக்கா, அது தூணு. கட்டிப் பிடிச்சுக்காதீங்க" என்பார் லாண்டரிக்காரர்.

"போய்யா. உன் கடைக்கு வர்றதுக்கு ஒரு கண்ணாடி, வெளிய போறதுக்கு ஒரு கண்ணாடின்னு நான் ரெண்டு வாங்கணும் போல."

சால்வை நுனியில் துடைத்து மாட்டிக்கொள்வேன். மறுபடி மூடும். மறுபடி துடைப்பேன். நாலாவது தடவை சரியாகும். அதற்குள் அவள் ஒரு டம்ளர் டீயைக் கையில் திணித்திருப்பாள். அந்த வீட்டில் குளிர் காலத்தில் டீக்குப் பஞ்சமே இல்லை, அடுப்பு அணைந்தால்தானே.

போன வெயில் காலம் வரை அது ஓட்டுக் கூரை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே விரல் நுழையும். நிமிர்ந்தால் வானம் துண்டு துண்டாகத் தெரியும். மழைக்கு நாலு இடத்தில் வாளி வைப்பார்கள். குளிர் காலத்தில் அடுப்புச் சூடு அப்படியே மேலே போய்விடும், விரிப்பு இரண்டு நாள் தொங்கும். போதும் போதும் என்று ஆகி, ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டார்கள். போட்டது அவளுடைய தம்பி. கொத்தனார். இருபது வருஷமாகக் கூரை போடுகிறவன்.

அவன் அந்தத் தளத்தைப் போட்ட அழகை நான் என் மெஷினில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறேன். கம்பி கட்டியதிலிருந்து மேல்பூச்சு வரை வேறு யாரையும் சாந்துக் கரண்டி பிடிக்க விடவில்லை. அக்காக்காரி மணல் சட்டியைத் தூக்கிக் கொடுக்க, இவன் கையால் தடவித் தடவி, குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி சமன் செய்தான். தளம் போட்டபின் இருபத்தொரு நாள், காலையும் மாலையும் தண்ணீர் விட அவனே வந்தான்.

"ஏன் தம்பி, அக்காளே ஊத்த மாட்டாளா?" என்று கேட்டேன்.

"ஊத்தும் டெய்லரக்கா. ஆனா மூலையில ஊத்தாது. மூலை காஞ்சா வெடிச்சிரும். இது அக்கா படுக்கிற வீடு, அக்கா நிக்கிற இடம்."

அடுத்து மழை. இருபது நாள் விடாத மழை. ஒரு பொட்டு இறங்கவில்லை. லாண்டரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவன் போகிறவனை எல்லாம் உள்ளே இழுத்துப்போய் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். "என் மாப்ளே போட்ட தளம்யா. தண்ணி வழி தெரியாம முழிக்குது பாரு" என்பார்.

மழை விட்டது, குளிர் வந்தது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. விடிகாலையில் மாடியில் வெறுங்கால் வைத்தால் சுரீர் என்று மண்டை வரை ஏறும். லாண்டரிக்காரர் இந்த வருஷம் ஒரு முடிவோடு இருந்தார். ஜன்னல் மூன்றையும் ஆணி அடித்து மூடினார். இடுக்குகளில் பழைய கம்பளியைக் கிழித்துத் திணித்தார். கதவுக்கு உள்ளே கெட்டியாக ஒரு திரை.

"ஒரு பொட்டுச் சூடு வெளிய போகக் கூடாது. ராத்திரி போட்டா காலையில மடிக்கணும்" என்றார். அப்படித்தான் காய்ந்தது. முதல் பத்து நாள் அந்த வீட்டில் சிரிப்புதான்.

பதினோராவது நாள் காலை. நான் குனிந்து கிழிசல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிடரியில் சொட்டென்று விழுந்தது.

"ஏம்மா, மேல இருந்து என்னமோ விழுந்துச்சே?"

"பல்லியா இருக்கும் அக்கா."

"பல்லி தண்ணியாவா இருக்கும்?"

இரண்டு பேரும் நிமிர்ந்தோம். புதுத் தளம், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, கடுகு கடுகாகத் தண்ணீர். ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கனத்து, கண் எதிரே விழுகிறது. கீழே முக்கால்வாசி காய்ந்த விரிப்பு எல்லாம் புள்ளி புள்ளியாக ஈரம்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "வேர்த்த மாதிரி இருக்குதுக்கா."

"கூரைக்கு ஏதுடி வேர்வை? ஒழுகுதுடி" என்றேன். அவள் சொன்னதை அன்றைக்குக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் எங்கே அடுத்தவர் சொல்வதைக் கேட்டேன்?

லாண்டரிக்காரர் வந்து பார்த்தார். பேயறைந்த மாதிரி நின்றார். "பழைய கூரையாவது மழை பெஞ்சா ஒழுகும், வெயிலடிச்சா நிக்கும். அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. இது மழையே இல்லாம ஒழுகுதே!"

பெய்த மழையெல்லாம் தளத்துக்குள் ஊறிக் கிடந்து இப்போது இறங்குகிறது என்று நாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தோம். சரி, காய வைத்துவிடலாம் என்று அவர் அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை சேர்த்தார். மறுநாள் இன்னும் அதிகமாகச் சொட்டியது. அவர் இன்னும் நாலு கட்டை சேர்த்தார்.

தம்பிக்காரனுக்கு ஆள் போனது. வந்தான். ஏணி போட்டு ஏறி, உள்ளங்கையால் தளத்தின் அடியைத் தடவிப் பார்த்தான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

"மாமா, கசிவுன்னா ஒரு இடத்துல வரும். ஒரு வெடிப்பு இருக்கும், அதுல இறங்கும். இது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கு. அப்புறம், புதுத் தளத்துல தண்ணி இறங்கினா சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு வரும். வெள்ளையாக் கறை விழும். இங்க கறையே இல்லையே."

"கறை இல்லைன்னா தண்ணி இல்லைன்னு ஆயிடுமா? அப்ப இது என்ன, பன்னீரா? கல்யாண வீடா இது?"

"அப்படிச் சொல்லல மாமா. எனக்குப் புரியலன்னு சொல்றேன்."

"கூரை போட்ட உனக்கே புரியலன்னா, விரிப்பு துவைக்கிற எனக்கா புரியும்?"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "ஒரு இடத்துல வந்தா ஓட்டை. எல்லா இடத்துலயும் வந்தா சல்லடை. நம்ம கொத்தனார் அக்காளுக்குச் சல்லடை போட்டுக் கொடுத்திருக்காரு" என்றேன்.

லாண்டரிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் நின்றிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அவனும் ஏணியில் நின்றபடி லேசாகச் சிரித்தான். அக்காக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே தெருமுனை டீக்கடையில் அவன் பேர் சல்லடைக் கொத்தனார் ஆகிவிட்டது. மறுநாள் வெறும் சல்லடை. என் வாய்க்கு அவ்வளவு வேகம் இருக்கிறது என்று அப்போது எனக்குப் பெருமைகூட வந்தது. வெட்கம் கெட்டவள்.

அவன் மேலே ஒரு பூச்சு பூசினான். ஒழுகியது. பூச்சின் மேல் தார் காய்ச்சி ஊற்றினான். ஒழுகியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது, பூஞ்சை வாசனை என்று. லாண்டரிக்காரர் அதை அவள் காலடியில் போட்டார்.

"இன்னொரு மூட்டை திரும்பினா வேற ஆளைப் பாத்துக்குவாங்களாம். உன் தம்பி புண்ணியத்துல அண்டாவைக் கவுத்து வெச்சுட்டு உக்கார வேண்டியதுதான்."

"அவன் என்ன வேணும்னா பண்ணினான்?"

"வேணும்னு பண்ணியிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது!"

தம்பி பக்கம் பேசினால் புருஷன் முகம் சுண்டுகிறது, புருஷன் பக்கம் பேசினால் தம்பி தலை குனிகிறது. நடுவில் நின்று விரிப்பைப் பிழிந்தாள். அன்றைக்கு அவள் பிழிந்த வேகத்தில் ஒரு விரிப்பு இரண்டாகக் கிழிந்தது. நான்தான் தைத்தேன்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "மாமா, தளத்தைச் சுத்தி மண்ணால வரப்புக் கட்டுறேன். நாலு விரல் உசரம் தண்ணி நிரப்பிடலாம். ஒரு பகல், ஒரு ராத்திரி நிக்கட்டும். நல்ல தளம்னா ஒரு சொட்டு இறங்காது. எங்க தொழில்ல இதுக்கு மேல சோதனை கிடையாது."

"இறங்கினா?"

"இறங்கினா நான் கரண்டியைத் தொட மாட்டேன்."

"டேய், வேணாம்டா" என்றாள் அக்காக்காரி.

"இல்லக்கா. இது முடியணும்."

சந்தே கூடிவிட்டது. குடம் குடமாக ஏற்றினார்கள். நானும் இரண்டு குடம் கொடுத்தேன், வேடிக்கை பார்க்கிறவளுக்கு அதிலாவது பங்கு வேண்டாமா. சாயங்காலம் மாடித் தண்ணீரில் வானம் அப்படியே தெரிந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. கீழே வழக்கம் போல அடுப்பு எரிந்தது, எட்டுக் கொடியிலும் விரிப்பு தொங்கியது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு மறுநாள் விரிப்பு போயாக வேண்டுமே.

காலையில் அவன்தான் முதலில் உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் லாண்டரிக்காரர், அவருக்குப் பின்னால் நான், வாசல் நிறைய ஜனம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். பார்த்ததும் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

அது ஒழுகல் இல்லை, மழை. உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. இதுவரைக்கும் அப்படிச் சொட்டியதே இல்லை. தரையெல்லாம் குளம், விரிப்பிலிருந்து நீர் வடிகிறது. அக்காக்காரி அண்டா மூடியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் சிரிக்க என்னாலும் முடியவில்லை. அவன் நடு அறையில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் சொட்டுகிறது, துடைக்கவில்லை. வாய் திறந்திருந்தது. சொந்தப் பிள்ளை திருடிவிட்டான் என்று கேட்ட தகப்பன் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"சரி மாமா" என்றான். அவ்வளவுதான். மாடிக்குப் போய் வரப்பை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டான். இறங்கி வந்து, சாந்துக் கரண்டியைத் துடைத்து, அக்கா வீட்டு வாசலில் வைத்தான். அக்காக்காரி பின்னாலேயே ஓடினாள். "டேய், நில்லுடா. சாப்பிட்டாவது போடா." அவன் நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு பொட்டலம் நூல் வாங்கப் போகிற வழியில், பள்ளிக்கூடம் கட்டுகிற இடத்தைத் தாண்டினேன். அந்தக் கட்டிடத்துக்கு அவன்தான் தளம் போடுவதாக இருந்தது. இப்போது தலையில் சட்டியோடு மணல் சுமந்து போய்க்கொண்டிருந்தான். நேற்று வரை அவனுக்குச் சட்டி தூக்கிக் கொடுத்தவன் மேலே உட்கார்ந்து செங்கல் வைக்கிறான்.

"என்ன மேஸ்திரி, இவரை ஏன் சட்டி தூக்க விட்டீங்க?" என்று கேட்டேன்.

"யாரு, சல்லடையா?" என்றார் மேஸ்திரி. "புள்ளைங்க உக்கார்ற இடம்மா. நாளைக்கு ஒழுகினா யாரு பதில் சொல்றது? வேற எங்கயும் அவனைக் கூப்பிட மாட்டாங்க. பாவம்னு சட்டி கொடுத்திருக்கேன்."

மேஸ்திரிக்கு என்னைத் தெரியாது. அந்தப் பேர் யார் வைத்தது என்றும் தெரியாது. நான் நூல் வாங்காமலே திரும்பி வந்தேன்.

லாண்டரிக்காரர் தளத்தை உடைத்துவிட்டு மறுபடி போட வெளியூரிலிருந்து ஆள் பேசினார். அதைக் கேட்டதும் அக்காக்காரி முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். எனக்குச் சந்துக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"என் தம்பி கை வெச்சதை எவனோ வந்து சம்மட்டியால அடிக்கிறதை நான் நின்னு பாக்க மாட்டேன். அவன்தான் போட்டான், அவனே உடைக்கட்டும். இல்லைன்னா இந்தத் தண்ணியிலயே கெடந்து சாகுறேன்."

அவளே போய் அழைத்து வந்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை. "நானே உடைக்கிறேன் மாமா. எங்க தப்பு பண்ணேன்னு எனக்கும் தெரியணும்ல" என்றான்.

அன்றைக்குக் காலை கடுங்குளிர். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கீழே ஒரு மூலைக் கொடிகளை மட்டும் அவிழ்த்து இடம் விட்டிருந்தார்கள். மற்ற கொடிகளில் விரிப்பு, அடுப்பில் அண்டா, எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது. அவன் மாடியில் குந்தி உட்கார்ந்து உளியை வைத்து முதல் அடி அடித்தான். லாண்டரிக்காரரும் நானும் பக்கத்தில் நின்றோம். எனக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. ஆனால் வீட்டில் உட்காரவும் முடியவில்லை.

தார் பெயர்ந்தது. பூச்சு பெயர்ந்தது. ஒரு விரல் ஆழம் போனான். உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தான். ஊதினான். தூசி பறந்து என் மூஞ்சியில் அடித்தது.

"மாமா" என்றான். "ஈரம் இல்ல."

"இன்னும் கீழ போ."

இன்னும் அடித்தான். இரண்டு விரல். மூன்று விரல். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளைத் தூசி புகை மாதிரி எழும்பியது. இரண்டு மாதமாகத் தண்ணீர் கொட்டிய தளம், அடுப்பில் வறுத்த மாவு மாதிரி வறண்டு கிடக்கிறது. லாண்டரிக்காரர் மண்டியிட்டுத் தன் கையையே உள்ளே விட்டார். எடுத்துப் பார்த்தார். விரல் வெளுத்திருந்தது, நனையவில்லை.

"இது எப்படிடா?" என்றார்.

கம்பி தெரிந்தது. அவன் விரலால் கம்பியைத் தடவினான். "துரு இல்ல மாமா. கட்டின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு." இன்னும் நாலு அடி அடித்தான். அடிப்பகுதி பெயர்ந்து கீழே விழுந்தது.

ஓட்டை இரண்டு கை அகலம்தான் இருக்கும். அதிலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்தது. முதலில் தூசி என்றுதான் நினைத்தேன். தூசி அடங்கியது, இது அடங்கவில்லை. குபுகுபுவென்று வந்துகொண்டே இருந்தது. அவன் முகத்தைத் தாண்டி, தலையைத் தாண்டி, அந்தக் குளிரில் ஆள் உயரத்துக்கு நின்றது. மூடி வைத்த சோற்றுப் பானையைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. ஒரு வீட்டுக்குள் இவ்வளவா அடைந்து கிடந்தது!

அவன் அதில் உள்ளங்கையைக் காட்டினான். "சுடுது" என்றான்.

கீழேயிருந்து அக்காக்காரி பெயர்ந்து விழுந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினாள். "டேய் தம்பி, இது அடிப்பக்கம் மட்டும்டா நனைஞ்சிருக்கு. மேல் பக்கம் பொரி மாதிரி இருக்குடா."

அப்புறம் அவள் குரல் மறுபடி வந்தது. யாரிடமும் பேசுகிற மாதிரி இல்லை.

"ஈரமாப் போட்டேன். காஞ்சு எடுத்தேன். ஒரு விரிப்புல ஒரு சொம்புத் தண்ணியாவது இருக்கும். நாப்பது விரிப்பு, நாப்பது சொம்பு, மூணு குடம். தினம் மூணு குடம் தண்ணி எங்கடி போச்சுன்னு ஒரு நாள் கேட்டேனா நான்? என் தண்ணிடா இது. நான் பிழிஞ்ச தண்ணி. உன் கூரை என்னடா பண்ணுச்சு, உன் கூரை ஒண்ணுமே பண்ணலையேடா!"

தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

லாண்டரிக்காரர் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டார். புகைக்கு ஒரு குழாய் வைத்த மனுஷன். இருமல் வரும், கண் எரியும், அதனால் புகைக்கு வழி வைக்கத் தெரிந்தது. இது கண்ணுக்குத் தெரியவில்லை, இரும வைக்கவும் இல்லை, அதனால் இருக்கிற வழியையும் ஆணி அடித்து மூடினார்.

"நான் கட்டை போடப் போட..." என்றார்.

"ஆமா மாமா" என்றான் அவன். இன்னும் கையை ஆவியிலேயே வைத்திருந்தான். "சூட்டுக் காத்து நல்ல பலமான ஆள் மாதிரி போல. எவ்வளவு தண்ணி ஏத்தினாலும் சுமக்குது, சுமக்கிறதே தெரியல. குளுந்த தளத்துல வந்து பட்டதும் பலம் போயிடுது, சட்டியைப் போட்டுடுது. நாம மேல தண்ணி கட்டினோமே, அன்னைக்குத் தளம் இன்னும் குளுந்து போச்சு. அதான் மழையாக் கொட்டுச்சு. பழைய கூரையில ஓட்டுச் சந்து வழியா எல்லாம் போயிடும். நான்தான் ஒரு சந்து விடாம அடைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இருபது வருஷமாக் கூரை போடுறேன் மாமா. மேல இருந்து வர்ற தண்ணிதான் எனக்குத் தெரியும்."

"நல்ல தளத்தை உடைச்சுட்டமேடா" என்றார் லாண்டரிக்காரர். "ஓட்டையாயிடுச்சே."

"இப்பதான் மாமா உங்க கூரை சரியா இருக்கு" என்று அவன் சிரிக்க ஆரம்பித்தான். பாதிச் சிரிப்பில் முகம் கோணிக்கொண்டது. உளியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். முப்பத்தைந்து வயது ஆம்பளை, தான் போட்டதிலேயே நல்ல தளத்தைத் தன் கையால் உடைத்துவிட்டு, அதன் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று ஓட்டைக்கு மேல் குனிந்தேன். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. பழக்கத்தில் கை சால்வை நுனிக்குப் போனது. கழற்றித் துடைத்தேன்.

துடைத்த கை அப்படியே நின்றது. நுனி ஈரம். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இந்தக் குளிர் முழுக்க, தினமும் காலையில், நாலு நாலு தடவை, இதே தண்ணீரை என் மூக்கின் மேலிருந்து துடைத்திருக்கிறேன். துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, கூரை ஒழுகுகிறது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். குளிரிலிருந்து வந்த கண்ணாடியில் படிந்தால் அது ஆவி, குளிர்ந்த கூரையில் படிந்தால் அது கொத்தனார் குற்றம். என்ன அறிவு, என்ன கண்! இந்த லட்சணத்தில் வாய் வேறு.

கீழே போனேன். அக்காக்காரி ஏணி வைத்து ஜன்னல் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கம்பளித் துண்டுகளை உருவினேன். ஜன்னல் திறந்ததும் ஆவி சந்துக்குள் பாய்ந்தது. போகிறவர்கள் தீ பிடித்துவிட்டதோ என்று நின்று பார்த்தார்கள். தலைக்கு மேல் துளிகள் மெல்ல மெல்லச் சுருங்கின. மத்தியானத்துக்குள் தளத்தில் தொட்டுப் பார்க்கக்கூட ஈரம் இல்லை.

அவள் சூடாகச் சோறு போட்டாள். இந்தத் தடவை அவன் சாப்பிட்டான். லாண்டரிக்காரர் எதிரே உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ மாப்ளே, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓட்டையை மூட வேண்டாம், அதில் குழாய் வைத்துத் தொப்பி போட்டுத் தருகிறேன், ஜன்னலில் மேல் பாதியைத் திறந்தே வையுங்கள் என்று அவன் சொன்னான். அக்காக்காரி அவனுடைய கரண்டியை எண்ணெய் தடவி எடுத்துவந்து கையில் கொடுத்தாள். அவள் அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்தாளாம்.

அவன் கிளம்பும்போது நான் என் கடை வாசலில் நின்றேன். சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன். தப்பு என்னுது, நானே மேஸ்திரியிடம் வந்து சொல்கிறேன், டீக்கடையிலும் சொல்கிறேன் என்று. அவன் கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி நாலு அடி போய்விட்டான்.

"கொத்தனாரே!" என்று கூப்பிட்டேன்.

அவன் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரைக் கூப்பிடுகிறேன் என்று சந்தின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். வேறு கொத்தனார் யாரும் இல்லை; ஆனாலும் சல்லடை என்றே கேட்டுப் பழகியவன், தன்னை இல்லை என்று நினைத்துக்கொண்டு, நடந்து போய்விட்டான்.